பெல்ற்

எங்கள் நெல்லு மில்லின் எஞ்சினுக்குக் காலையில் ஒரு பிடிவாதம் உண்டு, ஐயா. இரண்டு பேர் மூச்சுப் பிடித்துச் சுற்றினாலும் சில நாள் உறுமிவிட்டு அடங்கிப்போகும். எண்பத்தாறில் டீசலுக்கும் தட்டுப்பாடு. அதனால் ஒருமுறை பிடித்துக்கொண்டால் பொழுதுபடும்வரை நிறுத்துவதில்லை. அங்கே நான்தான் மனேச்சர். அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவனும் நான்தான்.

இடையில், எஞ்சினிலிருந்து மெசினை ஓட்டுகிற பெல்ற் கழன்றால், ஓடுகிற சக்கரத்திலேயே தடியால் தள்ளி ஏற்றுவோம். அதில் பெரியசாமி கெட்டிக்காரன். கலவரத்தில் மலைநாட்டை விட்டு, பெண்சாதி செல்லாயியோடு எங்கள் பக்கம் வந்து குடியேறியவன். நாட்கூலி. நல்ல மனிசன், அதைச் சொல்ல எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அதற்கு முந்தின வருசம் அருளப்பன் என்ற வேலையாளுக்கு இரண்டு விரல் போயிற்று. வேலைத்தலத்தில் பட்ட காயம் என்று உங்கள் தொழிற் கந்தோர் அதிகாரிகள் விசாரித்து முடிவு செய்ய, முதலாளி நட்டஈடு கட்டினார். சட்டம் சரியான சட்டம்தான். ஆனால் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு கேஸ் வந்தால் மில்லைப் பூட்டிப்போட்டு இந்தியாவுக்குப் போயிடுவன், கனகரத்தினம்" என்றார். அவர் சொன்னால் செய்கிறவர். மில்லை நம்பி அத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்தது, என் வீட்டிலும்தான்.

பெரியசாமியின் சம்பவம் நடந்த அன்று விடியவே ஆமியின் ஹெலிகொப்டர் வந்து மன்னார் றோட்டில் சுட்டுவிட்டுப் போனது. வேலையாட்கள் வயலுக்குள் ஓடிவிட்டார்கள். பெரியசாமியும் அருளப்பனும் மட்டும் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துப் பெல்ற் கழன்றது.

"ஐயா, சட்டையைப் புடிச்சி இழுக்குதுங்க. செத்த நேரம் நிப்பாட்டலாங்களா?" என்று பெரியசாமி கேட்டான்.

"சும்மா போடு. உனக்குத் தெரியாத பெல்ற்றோ?" என்றேன்.

புகழ்ந்தால் அவனுக்குப் பிடிக்கும். சிரித்துக்கொண்டே தடியை எடுத்தான். சட்டைக் கையைப் பெல்ற் கவ்வியது. எஞ்சினை நிறுத்துவதற்குள் வலது கை முழங்கைவரை சிதைந்துவிட்டது.

நானும் அருளப்பனும் அவனைச் சாக்கில் கிடத்தி றோட்டுக்குத் தூக்கிப்போனோம். வாகனம் மறிக்கத்தான் போகிறோம் என்று அருளப்பன் நினைத்தான். ஹெலி சுட்ட இடத்தில் கிடத்தச் சொன்னேன். பிறகு மில்லைப் பார்க்கும்படி அவனைத் திருப்பி அனுப்பினேன்.

பெரியசாமிக்கு நினைவு இருந்தது. மெல்லச் சொன்னான்: "செல்லாயிகிட்ட பெல்ற்று இழுத்திருச்சின்னு சொல்லிருங்கய்யா. அருளப்பனுக்குக் குடுத்த மாதிரி நட்டஈடு குடுப்பாங்க. அவ பொழச்சிக்குவா."

ஹெலி சுட்டதென்று நீயும் சொல்லு, உன்னை நான் பார்த்துக்கொள்வேன் என்று கேட்டுப் பார்த்தேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவன் அந்த விசயத்தில் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

வங்காலைப் பஸ்ரியன் மீன் ஏற்றிய ட்ரக்டரோடு வருவது தெரிந்தது. சாக்கின் ஓரத்தை இழுத்துப் பெரியசாமியின் முகத்தை மூடினேன். பஸ்ரியன் நிறுத்தி, "உயிர் இருக்கோ? ஏத்துங்கோ, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றான்.

"முடிஞ்சுது, தம்பி. ஹெலி அடிச்சது. நில்லாதையுங்கோ, அது திரும்பி வரும்."

அவன் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டான். சாக்குக்குள் அசைவு இருந்தது. இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தேன். அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

செத்தவீட்டுச் செலவை நான்தான் பார்த்தேன். குளிப்பாட்டும்போது செல்லாயி காயத்துக்குள் தவிட்டைக் கண்டிருக்கிறாள். சூட்டுக்காயத்தில் தவிடு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். கேட்கத்தானே வேணும், நான் கோவிக்கவில்லை.

கை போனதற்குச் சட்டப்படி என்னவோ அதைக் கொடுக்கலாம். ஆனால் அவள் கேட்பது சாவுக்கான நட்டஈடு. கையை வெட்டி எடுத்திருந்தால் ஆள் பிழைத்திருப்பான் என்று நான் விசாரித்த டொக்டரே சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவன் வேலையால் சாகவில்லை. நான்தான் அவனைக் கொன்றேன், அதுவும் றோட்டில் வைத்து. இதற்கு எங்கள் மில் எப்படிப் பொறுப்பாகும்?