கடைசிப் பக்கம் பார்த்து வாங்கிய புத்தகம்

என் பெயர் அய்யாத்துரை, தகப்பனார் பெயர் செல்வமணி, வயது 46. தேனி கடைவீதியில் புத்தகமும் காகிதமும் விற்று ஜீவனம் செய்து, கடைக்குப் பின்புறமே குடியிருந்து வருகிறேன்.

இவ்வழக்கின் எதிரியான மாயக்காள், நகைப் பட்டறைகளின் வாசல் மண்ணை அரித்துப் பொன்தூள் எடுப்பவள். 1936ஆம் வருடம் தை மாதம் 12ந் தேதி காலை அவள் கடைக்கு வந்து, தங்கம் வெள்ளி சுத்தம் செய்யப் புதிதாகப் பழகுபவருக்குத் தோதான புத்தகம் வேண்டும் என்றாள். மண் அரிப்பவளுக்கு இது எதற்கு என்று எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனாலும் மூன்று புத்தகங்களை எடுத்துப் போட்டேன். செம்பைப் பொன்னாக்கும் பாட்டுப் புத்தகத்தை அவள் தொடாமலே தள்ளினாள். மற்றொன்று உரைகல்லில் மாற்றுப் பார்க்கச் சொல்வது, படங்கள் நிறைய உண்டு. மூன்றாவது படமே இல்லாத சிறு புத்தகம். மிஷன் பள்ளியில் எழுத்துக் கூட்டப் படித்தவளாதலால், இரண்டையும் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டி, “மிஞ்சுற திராவகத் தண்ணிய என்ன செய்யணும்னு எதுலய்யா போட்டிருக்காக?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். அரை மணி நேரம் விரல் வைத்து வாசித்து, சிறு புத்தகத்தையே வாங்கிப் போனாள். திருட்டு நகையை உருக்குகிறவள் தடயம் மறைக்கக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

அதன் பிறகு அன்றே, பக்கத்துப் பட்டறை குருசாமி ஆசாரியிடம் இதைச் சொன்னேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான். மாசியில் அவள் வீட்டில் வெள்ளிக்கட்டி இருப்பதாகக் கேள்விப்பட்ட ஆசாரி, அது தன் பட்டறையில் திருடியது என்று பிராது கொடுக்க, போலீசார் அவளைப் பிடித்துக் கட்டியையும் புத்தகத்தையும் கைப்பற்றினார்கள். அவள் மேல் சந்தேகம் உண்டென்று நானும் முதல் வாக்குமூலத்தில் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு, அவள் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் என்னவென்று நானே பார்க்க நினைத்தேன். கடையில் மீந்திருந்த அதே புத்தகத்தின் வேறு பிரதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தேன். தங்கத்திலிருந்து பிரிந்த வெள்ளி திராவகத் தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் என்றும், செம்புத் தகட்டைப் போட்டால் திரும்பப் படியும் என்றும் கண்டிருந்தது. நேற்றுக் காலை ஆசாரி தன் பட்டறையில் மிஞ்சிய அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டப் போகையில் ஒரு ஜாடி கேட்டேன். எதிர்க்கடை சுந்தர்ராஜ் உடனிருந்தார். ஆசாரி சிரித்து, “விசத் தண்ணி அண்ணாச்சி, கொட்டுறதுதான, கொண்டு போங்க. மாயக்காளும் நெதம் இங்கன சட்டி வச்சுப் பிடிச்சுக்கிட்டுப் போவா” என்றார்.

அதில் செம்புத் தகட்டைப் போட்டேன். சாயங்காலம் தகடெல்லாம் வெள்ளிப் பொடி சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. அதைத் துடைக்காமல் ஜாடியோடு இங்கே ஒப்படைக்கிறேன். முதல் வாக்குமூலத்தில் நான் சொன்ன சந்தேகத்துக்கு, அவள் மண் அரிப்பவள் என்பதைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மேலே கண்டதை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) செ. அய்யாத்துரை