தெரியாத மாதிரி

கண்டியிலிருந்து ஹேவாஹெட்ட போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஒருவர் பால்வினை நோய் கிளினிக் டொக்டர், யாழ்ப்பாணப் பேச்சு. மற்றவர் தேயிலைத் தோட்டத்து மிட்வைப். தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். காது கொடுக்கக் கூடாதுதான். ஆனால் டொக்டர் சொன்ன ஒன்று என்னை விடவில்லை.

“நேற்று ஒரு தாய் என்னைத் தெரியாத மாதிரிப் போனவ. கெட்டிக்காரி.”

“யாரு டொக்டர்?”

“நீங்கள் ரத்தம் எடுத்து அனுப்பின பிள்ளைத்தாச்சி. சிபிலிஸ் எண்டு வந்ததெல்லே, அவ. மார்க்கெட்டில பிள்ளையோட நிண்டவ.”

“ஊசியெல்லாம் ஒழுங்கா போட்டுக்கிச்சே. அதனாலதான் புள்ள நல்லபடியா பொறந்துச்சு. பேசாமலா போயிருச்சு?”

“வெளியில கண்டா தெரியாத மாதிரிப் போங்கோ எண்டு எல்லாருக்கும் நான்தானே சொல்லுறனான். இந்த டொக்டரை எப்பிடித் தெரியும் எண்டு ஆரும் கேட்டா அவவுக்குத்தானே கரைச்சல்.”

“அப்புறம் ஏன் மொகம் இப்படி இருக்கு?”

“பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சது. என்ன பேர் வச்சவை எண்டு கேக்கோணும் போல இருந்தது.”

“நான்தான மாசாமாசம் நிறுக்கிறேன். எனக்குத் தெரியும். சொல்லவா?”

அம்பிட்டிய ஏற்றத்தில் பஸ் முக்கி முனகி ஏறியது. டொக்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

“வேண்டாம். ஒருநாள் அவவே சொல்லட்டும்.”

கொஞ்சத் தூரம் போனபின் மிட்வைப் பக்கம் திரும்பினார்.

“எத்தினை எழுத்து எண்டு மட்டும் சொல்லுங்கோ.”