ஒரே வரிசையில் நிற்க வைத்த சிஸ்டர் ஞானம்மாவுக்கு

நோயுற்றோர்க்கு நிழலாய், நொந்தோர்க்குத் துணையாய் நின்று, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் சிஸ்டர் ஞானம்மா அவர்களே!

காலை ரயிலில் மீஞ்சூரிலிருந்து வருவீர்கள். குடையை ஆணியில் மாட்டுவீர்கள். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஊசிகளைக் கொதிக்கப் போடுவீர்கள். பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னலைத் திறப்பீர்கள். இந்த சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இப்படித்தான் விடிந்தன.

இந்த நிலையத்தின் எழுத்தர் பூவராகவன், ஊழியர்கள் அனைவர் சார்பிலும் இதை வாசிக்கிறேன். என் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

குணசுந்தரிக்குச் சிறுநீரகத்தில் கல். தனியார் டாக்டர் ஒருவர் வலிக்கு ஊசி போட்டார். கல் போயிற்று, ஊசி இல்லாமல் அவளால் இருக்க முடியவில்லை. அதற்கு வைத்தியம் பட்டணத்தில்தான் இருந்தது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரில பூட்டி வெச்சிட்டாங்கன்னு ஊரே பேசும். நான் போவ மாட்டேன்" என்றாள். உப்பளத்து உடம்பு வலிக்கு அபின் உருண்டை பழகியவர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்களுக்குக் கூலியும் போய்விடும்.

அவர்கள் போகவில்லை; நீங்கள் போனீர்கள். உங்கள் விடுமுறையில் பட்டணம் சென்று அந்த முறையைக் கற்று வந்தீர்கள். நம் டாக்டரைச் சம்மதிக்க வைத்தீர்கள். அவர் குறித்த மாற்று மருந்தை, நாளாக நாளாக அளவு குறைத்து, இருமல் மருந்தின் நிறத்திலேயே கலந்து, உங்கள் கண்ணெதிரே குடிக்க வைத்தீர்கள். இருமல்காரர்களும் இவர்களும் ஒரே வரிசை. யார் எதற்கு நிற்கிறார்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

ஒருநாள் வரிசையில் நின்ற செண்பகம் கேட்டாள்: "இன்னா குணா, ஒரு தும்மல்கூட காணோம், தெனமும் இருமல் மருந்து குடிச்சிக்கினு கீறே?"

நீங்கள் ஜன்னலுக்குள்ளிருந்தே சொன்னீர்கள்: "குடிக்கிறதாலதான்டி இருமல் வரல. உனுக்கும் ஊத்தட்டுமா?"

வரிசையே சிரித்தது. குணசுந்தரியும் சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

முழுதும் விட்டபின் அவளே ஊரறியச் சொன்னாள். உப்பளத்துக்குப் போய் இரண்டு பெண்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

சென்ற மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை அவளைக் கொண்டுபோயிற்று. அன்று காலை நீங்கள் எங்கள் வீட்டில் அவள் அருகே இருந்தீர்கள். ஜன்னல் திறக்கும் நேரம் வந்தது. எழுந்து போனீர்கள். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

அதன்பின் நீங்கள் என் வீட்டுப்படி ஏறவில்லை. "போகாம இருந்திருக்கலாம்" என்று நம் நிலையத்து ஆயாவிடம் சொன்னீர்களாம். இந்தப் பாராட்டும் வேண்டாம் என்றீர்கள். நீங்கள் அவள் அருகிலேயே இருந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அன்று ஜன்னல் திறக்காவிட்டால் வரிசையில் நின்றவர்கள் மறுபடி அபினுக்குத்தான் போயிருப்பார்கள். உங்களைப் பாராட்டுவதானால், நான் முதலில் பாராட்டுவது நீங்கள் அன்று எழுந்து போனதைத்தான்.

உடல்நலமும் உள்ள நிறைவும் கூடி நெடுங்காலம் வாழுங்கள், சிஸ்டர். எங்கள் வீட்டுக்கும் வாருங்கள்.

அன்று நீங்கள் எழுந்து போனபின் அவள் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அவள் கடைசியாகப் பேசியது உங்களிடம்தான்:

"நீ போ சிஸ்டர். அந்தப் பொண்ணுங்க வந்து நின்னுக்கினு இருக்கும். ஊத்திட்டு வா."