பட்டன் பத்திரிகையை மடித்த நேரம்

டீயில் பால் போதவில்லை என்று கிளிஃபர்ட் சொன்னார்.

"டோரீன், இதுல ஸ்பூனை நட்டு வச்சா செடி மாதிரி நிக்கும்."

"நட்டு வை. பூத்தா சொல்லு."

சிரித்துவிட்டு அந்த டீயையே குடித்து முடித்தார். பிஸ்கட்டை அதில் நனைத்துத் தின்றார். மணி மூன்று இருக்கும். அதுதான் என் கணவர் குடித்த கடைசி டீ. இதை மூன்று வருடத்துக்கு முன் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்திலேயே சொல்லியிருக்கிறேன். அந்தப் பகுதியில் திருத்தம் எதுவும் இல்லை. மற்றதில் கொஞ்சம் இருக்கிறது.

மரண விசாரணை அதிகாரியாக நீங்கள் அன்று என்னிடம் கனிவாக நடந்துகொண்டீர்கள். "எங்க வீட்டுப் பசங்களுக்கு உங்க நாய்னா உசுரும்மா" என்றீர்கள். ஒன்றிரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிரிஸ்டல் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில் நாங்கள் பத்தொன்பது வருடம் களிமண் பொம்மைகளை வைத்துப் படம் எடுத்தோம். பிம்லாட் என்றொரு கண்டுபிடிப்பாளர், அவருடைய நாய் பட்டன். யாருக்கும் தேவைப்படாத ஒரு இயந்திரத்தைச் செய்து பிம்லாட் அதிலேயே மாட்டிக்கொள்வார். ஒரு வார்த்தை பேசாமல் பட்டன் வந்து மீட்கும். பிம்லாட்டை நகர்த்துவது கிளிஃபர்ட். பட்டன் என்னுடையது. பொம்மையைத் துளி நகர்த்தி, கையை எடுத்துவிட்டு, ஒரு படம் பிடிக்க வேண்டும். மறுபடி துளி நகர்த்த வேண்டும். நாள் முழுக்க உழைத்தால் திரையில் மூன்று வினாடி தேறும். காட்சியை ஆரம்பித்துவிட்டால் மேசையை யாரும் தொடக்கூடாது. விளக்குச் சூட்டில் மண் இளகிவிடும் என்பதால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடவும் முடியாது. கிடங்கின் தரை வேறு பழைய பலகை.

அன்று எடுத்துக்கொண்டிருந்த காட்சி இதுதான். புகைபோக்கியைத் துடைக்கும் இயந்திரத்தில் கால்சட்டையின் தோள்வார் சிக்கி, பிம்லாட் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறார். கீழே பட்டன் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து பார்க்கிறது. பத்திரிகையை இரண்டாக மடிக்கிறது. நாலாக மடிக்கிறது. அதன் பிறகே ஏணியை எடுக்கிறது. மடிப்பது என் யோசனை.

"உன் நாய்க்கு ஈவு இரக்கமே கிடையாதா? மனுஷன் அங்க தொங்குறான், இது பேப்பர் மடிக்குது."

"அலறியடிச்சு ஓடுற நாயைப் பார்த்து எவன் சிரிப்பான்? நீ போய் உன் ஆளை ஒழுங்காத் தொங்கவிடு."

இதே காட்சியை அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே முடித்திருக்க வேண்டும். களிமண் சீவும் கத்தி என் விரலில் பட்டுவிட்டது. சின்ன வெட்டு. நான் "ஆ" என்றதும் கிளிஃபர்ட் மேசையை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். ஏணி விழுந்தது, பிம்லாட் விழுந்தார், இரண்டு நாள் உழைப்பு போயிற்று. அவரோ என் விரலைத் தன் சட்டை நுனியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதா?" என்று கேட்டபடி நின்றார். தொழில் தெரிந்தவர் செய்கிற காரியமா இது என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை வரை அவரிடம் பேசவில்லை. மேலே சொன்ன டீதான் சமாதானம்.

டீ முடிந்து வேலையைத் தொடர்ந்தோம். பட்டன் பத்திரிகையை நாலாக மடிக்கத் தொடங்கியது. இருபத்திரண்டு படங்கள் பாக்கி. பிம்லாட்டுக்கு இனி அசைவு இல்லாததால் கிளிஃபர்ட் எனக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முக்காலி சாயும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நெஞ்சைப் பிடித்தபடி தரையில் கிடந்தார்.

உடனே ஓடிப்போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததாக உங்களிடம் சொன்னேன். 'உடனே' என்பது சரியான சொல் அல்ல. ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும்.

நான் கல்நெஞ்சக்காரி அல்ல. அவரிடம் பேசிக்கொண்டேதான் இருந்தேன். "இதோ கிளிஃப், இன்னும் பதினஞ்சுதான். அசையாமப் படுத்திரு, கண்ணு." நடுவில் அவர் கை மேசைக்காலைப் பற்றியது. கையில் நடுக்கம் இருந்ததால் அதை அப்படியே விட முடியவில்லை. குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையை அவர் நெஞ்சின் மேலேயே வைத்தேன். மெதுவாகத்தான் பிரித்தேன். பதினெட்டு வயதிலிருந்து பொம்மைகளின் விரல்களைத் தொட்டுப் பழகிய கை இது.

அவர் கடைசியாக "முடிச்சுடு டோரீன்" என்றதாக இரங்கல் கூட்டத்தில் சொன்னேன். நிறையப் பேர் அழுதார்கள். அதையும் திருத்த வேண்டும். அவருக்குக் குரல் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. பிம்லாட் பேசுவதற்காக ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வாய் என்று பதினாலு வாய்களைச் செய்தவள் நான். எந்த வாய் எதைச் சொல்லும் என்பது எனக்கு அத்துப்படி. அந்த வாய் சொன்னது என் பெயரை மட்டும்தான். நாலு தடவை.

பத்தொன்பதாவது படத்தின்போது அதுவும் நின்றுவிட்டது. மீதி மூன்றையும் எடுத்துவிட்டுப் போனேன். அப்போது அவசரப்படக் காரணம் எதுவும் இல்லை.

படம் வெளியான அன்று பட்டன் பத்திரிகையை மடிக்கும் இடத்தில் எழுந்த சிரிப்பில் அடுத்த வசனமே யார் காதிலும் விழவில்லை. கிளிஃபர்ட் இருந்திருந்தால் பூரித்துப்போயிருப்பார் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அன்று விழுந்தது நானாக இருந்திருந்தால் அவரும் இதையேதான் செய்திருப்பார்.

நான் ஓடியிருந்தால் பலகை அதிர்ந்து, மேசை ஆடி, காட்சி பாழாகியிருக்கும். இந்த ஒன்றையாவது உங்களிடம் உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று போன வாரம் கிடங்குக்குப் போனேன். அதே மேசையில் பட்டனை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். போன் கதவருகே சுவரில் இருக்கிறது. பதினோரு எட்டு. முடிந்த மட்டும் வேகமாக ஓடி, அதை எடுத்து, மூன்று எண்ணை அழுத்தும் நேரம் நின்று, வைத்துவிட்டு, ஓடியே திரும்பினேன். இன்னொரு படம் எடுத்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி வெகுநேரம் ஓட்டிப் பார்த்தேன். பட்டனின் காது ஒரு மயிரிழைகூட நகரவில்லை.