எண்பத்தெட்டில் நடந்து போனவன்

இல்ல கிளிஃப், நீங்க எந்திரிக்காதீங்க. இடுப்பு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்கூட ஆகலேங்கறீங்க. டீ நான் போட்டுக்கறேன். பால் கொஞ்சமா, அதே பழைய கணக்குதானே? சரி.

வந்த விஷயத்தச் சொல்லிடறேன். அந்தக் கதைய நானே ரொம்ப வருஷமா நம்பல. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான்தான், இருந்தாலும் சொல்றேன். கவுண்டி கிரிக்கெட் விருந்துல, லீக் பரிசு விழாவுல, எங்க கூப்பிட்டாலும் அதத்தான் கேப்பாங்க. சொல்லிட்டு உக்காருவேன், கை தட்டுவாங்க, நான் மட்டும் யார் மொகத்தையும் பாக்காம தட்டப் பாத்துட்டிருப்பேன்.

எந்தக் கதையா? நல்லா இருக்கே. நைஜல் ஹோல்ராய்ட் கதைதான். எண்பத்தெட்டு ரன்ல, அம்பயர் விரல் தூக்கல, பந்து பேட்ல பட்டுச்சுன்னு அவனாவே நடந்து போனானே. கீப்பர் கிளவுஸ்ல அந்தப் பந்தப் பிடிச்சதே நீங்கதான், மறந்திருக்க மாட்டீங்க.

ஆமா. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழம போயிட்டான். கணையத்துல கேன்சர். கண்டுபிடிச்சு அஞ்சு வாரம்தான். நாளைக்குப் பதினோரு மணிக்குச் சர்ச்சுல அடக்கம். அவன் வீட்டுக்காரி ஜேனிஸ் என்னத்தான் பேசச் சொல்லியிருக்கா. வேற எதுவும் வேணாம் ட்ரெவர், அந்த எண்பத்தெட்டு கதைய மட்டும் சொல்லு, பேரப்புள்ளைங்க கேக்கணும்னா. அதனாலதான் மூணு வண்டி மாறி, மலைக்கு இந்தப் பக்கம், எங்க கவுண்டிக்குப் பரம்பரை எதிரியான உங்க ஊருக்கு வந்திருக்கேன். எங்கப்பா உயிரோட இருந்தா இதுக்கே என்ன வீட்ட விட்டு வெரட்டியிருப்பாரு.

சிரிங்க, சிரிங்க.

உங்களுக்கு அவன முழுசாத் தெரியாது கிளிஃப். நீங்க பாத்ததெல்லாம் அவன் முதுகுதான். நான் எதிர்ப்பக்கம் நின்னவன். ஏழு வருஷம் ரெண்டு பேரும் சேந்து ஓப்பனிங் எறங்கியிருக்கோம்.

ஆரம்பத்துல அவன் ஒரு அவசரக்காரன். பதினஞ்சு வயசுல லீக்ல ஆட வந்தப்போ ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய எதப் போட்டாலும் பேட்ட வீசுவான். நாலு ஃபோர் போகும், அஞ்சாவது ஸ்லிப்புல போய் உக்காரும். கவுண்டி ரெண்டாவது டீம்ல மூணு வருஷம் இதே கூத்துதான். அப்பறம் ஒரு குளிர்காலம் பூரா பழைய கம்பளி மில்லு கொட்டகையில போய் நின்னான். என்ன பண்ணான் தெரியுமா? பந்த விட்டான். அடிக்கல, தடுக்கல. ஆளு பந்து போடப் போட, பேட்டத் தூக்கிட்டு விட்டுட்டே இருந்தான். ஒரு நாளைக்கு எரநூறு. ஏண்டா பைத்தியக்காரா, பேட்டு எதுக்கு, வீட்லயே வச்சுட்டு வாயேன்னேன். தன் ஆஃப் ஸ்டம்பு எங்க இருக்குன்னு கண்ண மூடிட்டுத் தெரியணும்டா, அப்பறம்தான் மத்ததுன்னான். வசந்தத்துல வெளிய வந்தப்போ வேற ஆளு. முதல் ஒரு மணி நேரம் பவுலர அலைய விட்டுட்டு, அவன் கடுப்பாகி கால் பக்கம் போட்டான்னா அப்ப எடுப்பான் பாருங்க. அந்த வருஷம் ஆயிரத்து நானூறு ரன்.

நீங்ககூடக் கிண்டல் பண்ணுவீங்களே, ஞாபகம் இருக்கா? என்ன தம்பி, பந்து கொதிக்குதா, தொடவே மாட்டேங்கறேன்னு. அவன் திரும்பிக்கூடப் பாக்காம, உங்க பேச்சத் தொடாம விடறேனே, அதே மாதிரிதான் கிளிஃப்னான். உங்க ஸ்லிப்பு மூணும் விழுந்து விழுந்து சிரிச்சுது.

அடுத்த வருஷம் டீம்ல எடம் உறுதியாகி அவனுக்குக் கவுண்டி தொப்பி குடுத்தாங்க. ஆட்டத்துக்கு நடுவுல கேப்டன் எடுத்துட்டு வந்து மைதானத்துலயே தலையில வச்சாரு. நைஜ் அழல, மூக்க மட்டும் ரெண்டு தடவ தொடச்சிக்கிட்டான்.

அப்பறம்தான் அந்தக் கண்ணு.

தெரியாதா? தெரியாதுதான். யாருக்கும் தெரியாது. ஜேனிஸுக்கும் எனக்கும் மட்டும்தான். ஷார்ட் லெக்ல, பேட்ஸ்மேன் முட்டிக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்கறது சின்னப் பசங்க வேல, உங்க டீம்லயும் அதானே? எங்க டீம்ல அது என் இடம். அன்னிக்கு எனக்கு விரல் வீங்கியிருந்துது. நீ போடா, நான் நிக்கறேன்னு அவன் வந்து நின்னான். பந்து ஹெல்மெட் கம்பிச் சந்துல பூந்து எடது கண்ணுக்குக் கீழ. எலும்பு கூடிடுச்சு. பார்வ கூடல. வலது கை பேட்ஸ்மேனுக்குப் பந்துப் பக்கம் இருக்கறதே எடது கண்ணுதானே கிளிஃப். வெளிய சொன்னா அன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிடுவாங்கன்னு சொல்லல.

அதனால நான் அவனுக்குக் கண்ணா இருந்தேன். பவுலர் ஓடி வரும்போது பந்துல பளபளப்பு எந்தப் பக்கம்னு நான் பாப்பேன். வலது பக்கம்னா பேட்ட வலது கையில பிடிச்சுப்பேன், எடதுன்னா எடது. எந்தப் பக்கம் திரும்பும்னு அத வச்சு அவன் தெரிஞ்சுப்பான். எல்லா ஜோடியும் பண்றதுதான். நாங்க மூச்சு விடற மாதிரி ஒவ்வொரு பந்துக்கும் பண்ணோம்.

இன்னொன்னும் இருந்துது. அவன் நடக்கற ஆளு. லீக்ல ஆடின காலத்துலேர்ந்து, பேட்ல பட்டுச்சுன்னா அம்பயருக்காக நிக்க மாட்டான், கிளம்பிடுவான். அவங்கப்பா பஸ் டிரைவர், டிக்கெட்டு வாங்காதவன நடு ரோட்ல எறக்கி விடுவாரு, அந்த ரத்தம். அம்பயருங்க எல்லாருக்கும் இது தெரியும். அவன் நின்னா நாட் அவுட், நடந்தா அவுட், அவங்களுக்கு வேலையே இல்ல. ஆனா கண்ணு போனப்பறம் மெல்லிசாப் பட்டா அவனுக்கே சந்தேகம் வரும். பேட்டா, கால் பேடா, தரையான்னு. அப்ப என்னப் பாப்பான். நான் தலையக் குனிஞ்சா பட்டுச்சுன்னு அர்த்தம், போயிடுவான். நேராப் பாத்தா நிப்பான். அந்தச் சீசன்ல மூணு தடவ பாத்தான். ரெண்டு தடவ நேராப் பாத்தேன்.

மூணாவது உங்களோட ஆட்டம்.

ஆகஸ்ட், வங்கி லீவு திங்கக்கிழம. மலைக்கு ரெண்டு பக்க ஜனமும் வந்து மைதானம் நெறஞ்சு வழியுது. சைட் ஸ்கிரீனுக்குப் பக்கத்துல இங்கிலாந்து செலக்டர் ஒருத்தர், பழுப்புக் கோட்டு, மடியில பேப்பரு. குளிர்காலச் சுற்றுப்பயணத்துக்கு இன்னும் ஒரு ஓப்பனர் வேணும், ஒரே எடம். அவனா நானான்னு எங்க டிரஸ்ஸிங் ரூம்லயே பந்தயம் கட்டிட்டிருந்தாங்க. அவன் எண்பத்தெட்டு. நான் நாப்பத்தொண்ணு. உங்க பெரிய லெஸ்லி போட்ட பந்து, கொஞ்சம் எழும்பிப் போச்சு. நீங்க பிடிச்சீங்க. நீங்க, ஸ்லிப்பு எல்லாரும் கத்தினீங்க, கவர்ல நின்னவன்கூடக் கத்தினான். அம்பயர் விரல் தூக்கல, வழக்கம்போல நைஜ் மொகத்தப் பாத்துட்டு நிக்கறாரு. நைஜ் என்னப் பாத்தான். நான் தலையக் குனிஞ்சேன்.

அவன் கிளவுஸக் கழட்டிட்டே நடந்தான். உங்க ஜனமே எந்திரிச்சுக் கை தட்டுச்சு. எங்க ஆளு ஒருத்தனுக்கு உங்க ஊர்க்காரன் கை தட்டினத நான் பாத்தது அந்த ஒரு தடவதான். அன்னிக்குச் சாயங்காலம் பார்ல நீங்க சொன்னீங்க, நல்ல தடியான எட்ஜு, பவிலியன் வரைக்கும் கேட்டிருக்கும்னு. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இத்தன வருஷம் ஓட்டினேன் கிளிஃப். கதையில அத விடாமச் சொல்லுவேன். கீப்பரே சொன்னாருன்னு.

நான் அறுபத்தேழு அடிச்சேன். என்னத்தான் எடுத்தாங்க. ரெண்டு டெஸ்ட், நாலு இன்னிங்ஸ், மொத்தமா பத்தொம்பது ரன். அத்தோட சரி. நைஜ ரெண்டு வருஷத்துல கவுண்டி அனுப்பிடுச்சு. கார்ப்பெட் கிடங்குல இருவத்தாறு வருஷம் வேல பாத்தான். ஒரு தடவகூட என்கிட்ட மொகம் சுளிச்சதில்ல. என் பொண்ணு கல்யாணத்துல நாலு பேருக்கு முன்னாடி, இங்கிலாந்துக்கு ஆடினவனோட ஏழு வருஷம் ஓடியிருக்கேன்னு பெருமையாச் சொன்னான்.

போன மாசம் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தேன். ஜேனிஸ் காப்பி வாங்கக் கீழ போயிருந்தா. அவனாவே ஆரம்பிச்சான். ட்ரெவ், அந்த எண்பத்தெட்டு, எனக்குக் கையில ஒண்ணுமே தெரியலடா. நின்னுருப்பேன். நீ மட்டும் இல்லேன்னா செலக்டர் முன்னாடி திருட்டுப் பய மாதிரி நின்னுருப்பேன். ஆட்டத்துல நான் உருப்படியாப் பண்ண ஒரே காரியம் அதுதான், அதயும் நீதான் பண்ண வச்சேன்னு என் கையப் பிடிச்சான். எலும்புதான் இருந்துது கையில. நான் சரிடா, சரிடான்னேன்.

இல்ல, டீ ஆறினா ஆறட்டும்.

பொறாமையான்னு கேக்காதீங்க, நானே கேட்டுப் பாத்துட்டேன். ஒரு நாள் ஆமான்னு தோணும், ஒரு நாள் சும்மா பழக்கத்துல குனிஞ்சேன்னு தோணும், எல்லாரும் கத்தினதால குனிஞ்சேன்னு தோணும். ஆனா நடந்தது இதான், லெஸ்லி அந்தப் பந்தப் போடும்போது அந்தக் கோட்டுக்காரரு பேப்பர மடிச்சுட்டு எந்திரிச்சாரு கிளிஃப். நான் ஆடறதப் பாக்காமப் போயிடுவாரோன்னு நான் அவரத்தான் பாத்துட்டிருந்தேன். பந்த நான் பாக்கவே இல்ல. சத்தமும் கேக்கல. நீங்கல்லாம் கத்தினப்பறம்தான் திரும்பினேன், திரும்பினா நைஜ் என்னப் பாத்துட்டிருக்கான்.

இல்ல, பொறுங்க, ஜன்னலப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. நாளைக்குக் காலையில அவன் பேரப்புள்ளைங்க முன்னாடி நான் நிக்கணும். மனசு நோகுமேன்னு பாக்காதீங்க, அன்னிக்குப் பார்ல சொன்னத விடுங்க. சும்மா கத்தி அப்பீல் பண்ணாத கீப்பர் யாரு, அதுக்கு யாரும் உங்களக் குத்தம் சொல்லப் போறதில்ல. கையில வாங்கினவர் நீங்க, உண்மை தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான் மிச்சம். அந்தப் பந்து அவன் பேட்ல பட்டுச்சா கிளிஃப்?