கழுவிப் போட்ட ஸ்லைடுகள்

மார்க் ஷீட்டைக் கொஞ்சம் மடிச்சு மடியில வைங்க, பெற்றோர்களே. சின்னதா ஒரு கதை சொல்றேன்… கேட்டுட்டுக் குழம்பிப் போனா என்னைத் திட்டாதீங்க. எனக்கே இன்னும் முழுசாத் தெளியலை.

என் தங்கச்சி மக வடிவு, குச்சிப்பூச்சி ஆராய்ச்சி பண்றவ. பார்த்தா காஞ்ச குச்சி, தொட்டா நடக்கும். அதுல ஒரு வகைக்கு ஆணே கிடையாது. அம்மா தனியா முட்டை போடும், பொரிக்கிறது அத்தனையும் பொண்ணு. அப்போ மக அப்படியே அம்மாதானே? வடிவும் அப்படித்தான் நினைச்சா.

குணத்தைச் சுமந்துட்டு வருதே குரோமோசோம்… அதை மைக்ராஸ்கோப்புல எண்ணணும். அம்மாவுக்கு முப்பத்தாறு. ஒரு மகளுக்கும் முப்பத்தாறு. இன்னொரு மகளுக்கு… முப்பத்தஞ்சு. "சே, ஸ்லைடு கெட்டுப்போச்சு"ன்னு கழுவிட்டா. அந்த லேப்ல அதான் வழக்கம். சரியா விழாததைக் கழுவிட்டுத் திரும்பப் போடுவாங்க. அடுத்து ஒண்ணு முப்பத்தேழு. அதையும் கழுவிட்டா. ஒன்றரை வருஷம் இப்படியே போச்சு.

தீசிஸ் கொடுக்க ஒரு மாசம். ஒரே பூச்சியில மூணு ஸ்லைடு போட்டா. முப்பத்தஞ்சு… முப்பத்தஞ்சு… மூணாவதும் முப்பத்தஞ்சு. பிள்ளைக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. ஒண்ணு கெடலாம், மூணும் ஒரே மாதிரியா கெடும்? கைடு ரெங்கமன்னார் சார்கிட்ட ஓடினா.

"பூச்சிப் பெட்டியை மாத்தி வச்சிருப்பேம்மா."

"இல்ல சார், முட்டையிலேருந்தே தனிப் பெட்டி."

அவர் குனிஞ்சு எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"முந்தி இப்படி வந்திருக்கா?"

"நிறைய வந்துச்சு சார்."

"எங்க அதெல்லாம்?"

"கழுவிட்டேன் சார்."

"அடிப்பாவி… உன் ஆராய்ச்சியே அதுதாம்மா."

தீசிஸ் நின்னுபோச்சு. அழுதுக்கிட்டே முதல் பெட்டியிலேருந்து ஆரம்பிச்சா. ஏன்டி அப்படி மாறுதுன்னு கேட்டேன். "தெரியலை மாமா, அதைத்தான் பார்க்கணும்"ங்கிறா.

இப்ப உங்ககிட்ட வர்றேன். அப்பனே இல்லாம, ஒரே இலையைத் தின்னு வளர்ந்த பூச்சியிலேயே அக்கா மாதிரி தங்கச்சி இல்லைங்க. நாம மட்டும் "அக்காவைப் பாரு, நீ ஏன் இப்படி"ன்னு கேட்டுக் கேட்டு, பிள்ளைக்கிட்ட இருக்கிறதையெல்லாம் கெட்டுப்போச்சுன்னு கழுவி விட்டுடுறோம். நானும் கேட்டவன்தான். என் சின்னவ சுவரைப் பார்த்துட்டு நிப்பா. இன்னிக்கு அவளுக்கு முப்பது வயசு. அவளுக்கு என்ன பிடிக்கும்னு… சத்தியமா எனக்குத் தெரியாது.

உங்க பிள்ளைங்க இன்னும் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. கேட்டுப் பாருங்க.