ஏழு இருபது பஸ் பிறந்த கதை

கொட்டகலைக் கலைக்கொட்டகையின் ஓராண்டு நிறைவு விழாவுக்குத் தலைமை தாங்கி, நான் எங்கே உளறுவேன் என்று சிவப்புப் பேனாவோடு காத்திருக்கும் றோசலின் டீச்சர் அவர்களே! மலை இறங்கி வந்திருக்கும் பெரியவர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்டு, பின்வரிசைக்குக் கொண்டையை மட்டும் காட்டும் தாய்மார்களே! கடலை கொறிக்கும் காளையரே! பதினெட்டு வருசமாகப் பொகவந்தலாவை வண்டியின் படியில் தொங்கும் கண்டக்டர் செல்லசாமி, இன்றைக்குத்தான் ஆடாத பலகையில் நின்று உங்களை வணங்குகிறேன்.

என்னது? பேச்சைச் சுருக்கவா? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், தம்பி. எனக்கு நீட்டத்தான் தெரியும்!

இந்தக் கொட்டகை எப்படி இருந்தது? படம் ஓட்டுவது நின்றது, பல்லி வந்தது. பல்லி போனது, உருளைக்கிழங்கு மூட்டை வந்தது! ஆறு மணி ஆனால் கடைவீதியில் கதவு சாத்தும் சத்தம், அதற்குமேல் நாய் குரைக்கும் சத்தம். டீச்சர் கூட்டம் சேர்த்தார், மூட்டையை வெளியே தள்ளினார், மேடையைக் கழுவினார். நாடகம் தயார், நடிகன் தயார். பார்க்கிறவன் எங்கே? ஐந்தரைக்குக் கடைசி பஸ் என்றால், தேயிலைத் தோட்டத்துச் சனம் கூத்தைப் பார்க்குமா, வீட்டுக் கூரையைப் பார்க்குமா?

பஸ் நிலையத்து டைம் கீப்பர் பண்டார ஐயாவிடம், சிங்களத்தில் சொன்னால் பண்டார மாத்தயாவிடம், கெஞ்சினோம். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தோட்டத்துக்குத் திரும்ப ஒரு பஸ், ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். "கடைசிச் சனிக்கிழம இருவத்தஞ்சு பேர் ஏறணும் செல்லசாமி. ஏறாட்டி பஸ் இல்ல" என்று விரலை ஆட்டினார். பஸ் இல்லை என்றால் சனம் இல்லை. சனம் இல்லை என்றால் மறுபடியும் உருளைக்கிழங்கு!

அந்தக் கடைசிச் சனிக்கிழமை காமன் கூத்து. எங்கள் தோட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயிலில் வேசம் கட்டினால், மன்மதனை எரிக்கும்வரை கலைக்கக் கூடாது. ஆகவே ரதியும் மன்மதனும் சிவனும் வேசத்தோடே என் வண்டியில் ஏறினார்கள். நெரிசலில் பட்டுச் சேலையும் பூவுமாக ஓர் அம்மணி நிற்கிறாள். என் மனம் தாங்குமா? "தம்பி, எந்திரி! அக்காவுக்கு எடம் குடு!" என்றேன். அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்துவிட்டு, "கொட்டகலை ஒண்ணு குடுங்கண்ணே" என்றாள் பாருங்கள் ஒரு குரலில், டிரைவர் பிரதாப் பிரேக்கை அழுத்திவிட்டான்! அது ரதி வேசத்தில் நம்ம அழகன், தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிறவன்!

சிரியுங்கள், சிரியுங்கள். வண்டியே அப்படித்தான் சிரித்தது. அந்தச் சிரிப்போடு வழியில் நோர்வூட்டில் நின்று கிளம்பும்போது பின்கதவைப் பார்த்தேன். சூலம் நிற்கிறது. சூலம் நின்றால் சிவன் நிற்பான் அல்லவா? அடித்தேன் மணியை, டிங் டிங்! சூலம் வந்தது, வளைவு வளைவாக ஆடி அசைந்து வந்தது. சிவன் வரவில்லை. சிவன் வேசம் கட்டிய கஜேந்திரன் அண்ணன் அங்கே இறங்கிப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்! போன் போடலாமே என்கிறீர்களா? புலித்தோலில் பாக்கெட் ஏதய்யா? போன் அழகனின் பையில்!

கூத்து தொடங்கிவிட்டது. எரிக்கிறவன் இல்லை, எரிபடுகிறவன் மட்டும் ரெடி! சிவனிடம் போகாதே என்று மன்மதனை ரதி தடுக்கும் கட்டம், கால் மணி நேரக் கட்டம். அழகன் என்ன செய்தான்? ஒன்றே கால் மணி நேரம் தடுத்தான்! காலைப் பிடித்துத் தடுத்தான், கையைப் பிடித்துத் தடுத்தான், தப்பு அடிக்கிறவர்கள் கை வீங்கும்வரை தடுத்தான். "விட்றாத தாயி!" என்று பாதிச் சனம். "அட, அவன விட்டுத்தொலடி!" என்று மீதிச் சனம்.

மணி ஏழு. வெளியே பிரதாப் ஹோர்ன் அடிக்கிறான். நான் உள்ளே ஓடி, "பஸ் போகுது, வாங்க!" என்று கத்தினேன். ஒரு தலை அசையவில்லை. இதோ முன்வரிசையில் சிரிக்கிறாரே பூரணி அக்கா, அவர்தான் சொன்னார்: "மன்மதன எரிக்காம எழும்பிப் போனா தோட்டத்துக்கு ஆகாது. ஒன் பஸ் போனா போகட்டும். நாங்க நடக்கிறோம்."

"பொகவந்தலாவைக்கா?"

"ஆமா! கொழுந்து நெறுத்துட்டு நிதமும் மலை ஏறுறவளுக்கு இது ஒரு தூரமா?"

என் மணியால் வந்த வினை! பஸ் காலியாகப் போனால் கதை முடிந்தது. அந்த நேரம் பண்டார மாத்தயா கோபமாக உள்ளே வந்து, "மொகத வுனே?" என்றார். என்ன நடந்தது என்கிறார். அக்கா அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "சாமி பஸ்ஸ விட்டுட்டாரு மாத்தயா. ஒக்காருங்க, வந்துருவாரு."

உட்கார்ந்தார்! அழகன் அழுத அழுகையில் டைம் கீப்பர் டைமை மறந்தார்! அப்போது வாசலில் ஒரு கொழுந்து லொறி. சாக்கு மூட்டைகளின் உச்சியில், திருநீறும் தேயிலையும் பூசி, கைலாயம் கொட்டகலைக்கே வந்ததுபோல் கஜேந்திரன் அண்ணன்! குதித்தார், வந்தார், என்னைப் பார்த்து முறைத்தார். "எங்கடா என் சூலம்?" நெற்றிக்கண்ணை என் மேல்தான் திறப்பார் என்று நினைத்தேன். நல்லவேளை, மன்மதன் பக்கத்தில் நின்றான்!

எரிந்தது காமன்; எழுந்தது சனம். ஏறியது இருபத்தைந்தா? இல்லை. ஐம்பதா? இல்லை. அறுபத்தொரு பேர்! மாத்தயா எண்ணினார், மறுபடி எண்ணினார். பிறகு பஸ் நிலையத்துப் பலகையில் ஏழு மணியை அழித்துவிட்டு ஏழு இருபது என்று எழுதினார். "சாமிக்கும் கொஞ்சம் டைம் குடுக்கணும்" என்றார். அன்று பிறந்தது, உலகத்தில் எங்கும் இல்லாத நேரத்தில் கிளம்பும் நம்ம பஸ்! இன்று எட்டு மணிக்கும் வடை வேகிறது, சலூனில் விளக்கு எரிகிறது, வெற்றிலைக் கடையில் வம்பு வளர்கிறது. அந்த விளக்கை ஏற்றியது யார்? ஆடியவனா? ஓட்டியவனா? எரியட்டும் பார்த்துவிட்டே போவோம் என்று அசையாமல் உட்கார்ந்தீர்களே, நீங்கள்! நீங்களேதான்!

கேட்கிறதா ஹோர்ன்? பிரதாப்புக்கு இலக்கியம் பிடிக்காது. தலைவருக்கு நன்றி, மாத்தயாவுக்கு நன்றி, தாய்மார்களுக்கு நன்றி, அன்று சிவனைச் சுமந்த லொறிக்கும் நன்றி! மிச்ச வணக்கத்தை வண்டிக்குள் சொல்கிறேன், ஏறுங்கள்.

கஜேந்திரன் அண்ணே, ஏறிட்டீங்களா? சூலத்த ஆட்டாதீங்க, அத நம்பித்தான் அன்னிக்குக் கெட்டேன். கைய ஆட்டுங்க! ஆ... இப்ப சரி. பிரதாப், போகலாம் ரைட்!